பரஸ்தானம் போன சைக்கிள்

ஆகஸ்ட் 4

மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டிருந்த என் சைக்கிள் நிக்கரை இரண்டாவது மாடி நிஷா கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது யாருக்கு?" என்றாள். உட்காரும் இடத்தில் தலையணை மாதிரி பஞ்சு வைத்துத் தைத்த கறுப்பு நிக்கர். தி. நகர்க் கடைக்காரர் "பையனுக்கா?" என்று கேட்டபோதே ஆமாம் என்று சொன்னவள் நான். நிஷாவிடம் மட்டும் எதற்கு உண்மை? "மாமாவுக்கு முதுகுவலி" என்றேன்.

சாயங்காலம் லிஃப்டில் நிஷா இவரிடம் ரொம்பக் கரிசனமாக விசாரித்தாளாம். "எனக்கு எப்போடி முதுகுவலி வந்தது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் என் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசராகவன். வரப்போகிறதோ என்னவோ என்று சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 7

ஐம்பத்தேழு வயதில் இந்தக் கூத்து எதற்கு? எழுதி வைத்தால் எனக்கே புரியலாம்.

மஹதி மியூனிக் போய் நாலு வருஷம். ஒரே பெண். அக்டோபரில் இத்தாலியில் ஆறு நாள் சைக்கிள் பயணம் போகிறாளாம். டஸ்கனி என்று ஒரு மலைப்பக்கம். தார் போடாத சரளைச் சாலை, மலை முழுக்கத் திராட்சைத் தோட்டம், உச்சிக்கு உச்சி எழுநூறு எண்ணூறு வருஷத்துக் கல் கிராமம். "நீயும் வாயேம்மா" என்றாள், பேச்சோடு பேச்சாக. நான் யோசிக்கவே இல்லை. "ஓ, அதுக்கென்ன, தினம் ஓட்டறேனே!" ஞாயிற்றுக்கிழமை தோறும் பீச்சுப் பக்கம் ஒரு வாடகை சைக்கிளில் அசைந்து வருவதற்குப் பெயர் தினமா? சொல்லியாகிவிட்டது, இனி தினம்தான்.

அங்கே இரண்டு குழு. வேகக் குழு ஒரு வழி, நிதானக் குழு வேறு வழி. ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் சேருவார்கள். மஹதி வேகக் குழு. "நீ முடிஞ்ச வரைக்கும் பழகும்மா, பாத்துப்போம்" என்கிறாள். நாலடி பதினோரு அங்குலத்துக்கு அங்கே வாடகை வண்டி கிடைக்காதாம். இங்கேயே வாங்கிவிட்டேன். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், தடிமனான டயர். அதன் நெற்றியில் ஒரு சின்ன மீட்டர். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் எல்லாம் அதில் பதிவாகும். என் போன் பக்கத்தில் வந்ததும் அதுவே மஹதிக்கு அனுப்பிவிடும். பெற்றவளுக்கு வேவு.

ஆகஸ்ட் 12

மயிலாப்பூரில் மலைக்கு எங்கே போவேன்? கபாலி கோயிலை எத்தனை சுற்றினாலும் தரை தரையாகத்தான் இருக்கிறது. அதனால் விடிகாலையில் தி. நகர் மேம்பாலம் ஏறி இறங்குகிறேன். இன்று ஏறும்போது ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா, செயின் கயண்டுக்கிச்சா?" என்றார். கழலவில்லை ஐயா, என் வேகமே அதுதான்.

சரளைக்குப் பஞ்சமே இல்லை. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட தெருக்கள் இருக்கின்றன. இத்தாலிக்காரனே பார்த்தால் பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவான். அப்புறம் நொச்சிக்குப்பம் வழியாகக் கடற்கரைச் சாலை. அங்கே ரோட்டோரம் மீன் விற்கும் செண்பகத்துக்கு என் வீட்டில் மீன் வாங்க மாட்டோம் என்று தெரியும். ஆனாலும் விடமாட்டாள். "இன்னிக்கும் சும்மாவே போய்க்கினு கீறியே, ஒரு வஞ்சிரத்த அந்த ஹேண்டில்ல மாட்டிக்கினு போறது!"

ஆகஸ்ட் 20

இவர் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்வது: "சூடாமணி திராட்சைத் தோட்டம் பாக்கப் போறா." ஒயின் என்ற சொல் மட்டும் வாயில் வராது. இவருடைய பெரியப்பா பிள்ளை கேட்டாராம்: "ஏன், லஸ் கார்னர்ல திராட்சை கிடைக்கலையா?"

செப்டம்பர் 3, வியாழன்

தண்ணித்துறை மார்க்கெட்டிலிருந்து வந்தால் வண்டியைக் காணோம்! "ஐயோ, திருடன்" என்று நான் அலற, இவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, மோரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்கிறார்: "வண்டி கிளம்பியாச்சு."

பரஸ்தானமாம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்துப் பயணச் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. நான் கிளம்பும் அக்டோபர் இரண்டாம் தேதி மஹாளய பட்சத்தில் வருகிறது, முன்னோர்களுக்கான நாட்கள், யாரும் வெளியூர் கிளம்பமாட்டார்கள். எனக்குத் தெரியாததா? எல்லோரும் ஒரு புடவையை வைப்பார்கள், ஒரு கைப்பையை வைப்பார்கள். இவர் சைக்கிளையே குட்டியானை வேனில் ஏற்றி, தேங்காய் உடைத்து, அடையாறில் இருக்கும் தங்கை ஜெயலக்ஷ்மி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

"எதுல போகப் போறயோ அதை வெச்சாத்தானே நியாயம்?"

"அப்போ அந்த ஏரோப்ளேனையும் கொண்டுபோய் வெச்சுட்டு வாங்கோளேன்!"

வைத்த சாமான் திரும்பவும் நம் வீட்டுப்படி ஏறக்கூடாது. ஏறினால் பயணமே கெட்டது. எங்கள் குடும்பப் புரோகிதர் இதெல்லாம் சில நாட்களுக்குத்தான் செல்லும் என்றாராம். இவர் பேசிப் பேசி ஒரு மாதத்துக்கு வாங்கியிருக்கிறார். புடவைக் கடையில் மட்டும் ஏன் இந்தத் திறமை வருவதில்லை?

செப்டம்பர் 4

தீர்ப்பு வந்துவிட்டது. வண்டியை நான் ஓட்டலாம். ஆனால் திரு.வி.க. பாலத்தைத் தாண்டி மயிலாப்பூர்ப் பக்கம் கொண்டுவரக் கூடாது. ஆகவே இன்று பஸ் ஏறி சைக்கிள் ஓட்டப் போனேன்.

இன்னும் எரிகிறது. வேறு வீடே கிடைக்கவில்லையா இவருக்கு? ஜெயா என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஒரு விரற்கடை கூடுதல் உயரம். எதிலும் என்னைவிட ஒரு பிடி கூட இருக்க வேண்டும் அவளுக்கு. நான் பத்துப் படி கொலு வைத்தால் அவள் பதினொன்று. நான் வீணை கற்றால் அவள் வயலின். எனக்கு ஒரு மூக்குத்தி என்றால் அவளுக்கு இரண்டு பக்கமும். அவளுக்குக் குழந்தை இல்லை. மஹதி பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் அத்தை வீட்டில்தான் இருப்பாள். என் வண்டியை அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு விரிப்பின்மேல் நிறுத்தி வைத்திருக்கிறாள். "எவ்ளோ அழுக்கா வெச்சிருந்தேள் மன்னி!" துடைத்து வேறு வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 8

சீட்டை யாரோ ஒரு விரற்கடை ஏற்றியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 10

மஹதி போன். "அம்மா! கார்த்தால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா? சாயங்காலம் என்னமா பறக்கறே! சூப்பர்மா!"

நான் சாயங்காலம் ஓட்டுவதே இல்லை. அந்த மீட்டர் என்னமோ உளறுகிறது. நல்லதாகத்தானே உளறுகிறது, உளறிவிட்டுப் போகட்டும். "ஏதோ, என்னால முடிஞ்சதுடா" என்றேன்.

செப்டம்பர் 11

மஹதி அனுப்பிய பாராட்டை ஜெயாவிடம் வேண்டுமென்றே உரக்க வாசித்துக் காட்டினேன். முகம் சுருங்கும் என்று பார்த்தால், "இன்னொரு தடவை வாசிங்கோ மன்னி" என்கிறாள்! உடம்பு சரியில்லையோ?

செப்டம்பர் 13

உளறியது மீட்டர் இல்லை.

சாயங்காலம் நானும் இவரும் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனோம். செண்பகம் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, வண்டிய வித்துட்டியா?" என்றாள்.

"இல்லையே, ஏன்?"

"பின்ன? பொழுது சாஞ்சா ஒரு அம்மா அதே வண்டில பறந்துக்கினு போவுதே! ரெண்டு பக்கமும் மூக்குத்தி, வெள்ள ஷூ. இன்னா ஸ்பீடு, இன்னா ஸ்டைலு! நீ போனா நான் கூடையத் தூக்கிக்கினே உன்ன தாண்டிடுவேன்."

இரண்டு பக்கமும் மூக்குத்தி! நல்லவேளை, இவர் நாலடி முன்னால் கடலைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். வண்டி பாலம் தாண்டி வந்தது தெரிந்தால் புரோகிதரோடு மறுபடி பேரம் ஆரம்பமாகும்.

செப்டம்பர் 14

ஜெயாவைக் கேட்டேனா? கேட்கவில்லை. செயினுக்கு எண்ணெய் போட்டேன். தண்ணீர்க் குடுவையில் எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு சர்க்கரை கலந்து ரொப்பி வைத்துவிட்டு வந்தேன். குதிரைக்குக் கொள்ளு வைக்க வேண்டாமா?

செப்டம்பர் 19

வினை வந்துவிட்டது. "அம்மா, உன்னையும் வேகக் குழுவுல போட்டாச்சு! அந்த கைடு உன் கணக்கைப் பாத்துட்டு அசந்துட்டான். ஆறு நாளும் உன்கூடவே ஓட்டலாம்மா!" குரலில் அப்படி ஒரு துள்ளல்.

என்ன சொல்வேன்? அத்தனையும் உன் அத்தையின் கால் என்றா? சொன்னால் நிதானக் குழுதான். அவள் ஒரு மலையில், நான் ஒரு மலையில். ராத்திரி தட்டின்மேல் தூங்கி வழிகிற முகத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறேன்? நாலு வருஷமாக அவளை போனில்தான் பார்க்கிறேன். அதிலும் பாதி நேரம் நெற்றிதான் தெரிகிறது. எனக்கு அவள் பக்கத்தில் வேண்டும். சண்டை போட்டாலும் சரி, நாள் முழுக்கப் பக்கத்தில் வேண்டும்.

அதனால் சொல்லவில்லை. ஓட்டிவிடுகிறேன். எப்படி? தெரியாது.

செப்டம்பர் 21

ஜெயாவைக் கேட்டே விட்டேன்.

"வண்டி ஒரே இடத்துல நின்னா டயர் அமுங்கிப் போயிடும் மன்னி. உங்களுக்காகத்தான் ஓட்டினேன்."

"நொச்சிக்குப்பம் வரைக்கும் போனாத்தான் டயர் நிமிருமோ?"

காப்பியை ஆற்றினாள். ஆற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தம்ளரைப் பார்த்தபடியே, "நான் சாயங்காலம் ஓட்டினதுக்கு மறுநாள் மஹதி 'சூப்பர்மா'ன்னு அனுப்பறா. நீங்க வாசிச்சுக் காட்டறேள். அது எனக்குன்னு நெனச்சுக்கறேன். அவ்ளோதான் மன்னி. எங்காத்துக்காரர் நாள் பூரா டிவி பாத்துண்டிருக்கார். நான் என்ன பண்ணினேன்னு யார் கேக்கறா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது தெரியாமல் இருக்க, காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது என்றேன்.

"போங்கோ மன்னி, உங்காத்துக் காப்பியை விட ஒரு பிடி மேல்" என்றாள். சரியாகிவிட்டாள்.

இனி சாயங்காலமும் நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றதற்கு, "ஐயையோ, மஹதிக்குக் கணக்கு குறையுமே!" என்று பதறுகிறாள்.

செப்டம்பர் 26

பரங்கிமலை. அடையாறிலிருந்து கிண்டி வழியாகப் போனால் இவருடைய எல்லைக்கு வெளியேதான், தோஷமில்லை. ஜெயா ஆட்டோவில் பின்னாலேயே வந்தாள். நான் பாதி வரை மிதித்தேன், மீதியைத் தள்ளினேன். உச்சியில் மாதா கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, "ஒரு நிமிஷம் குடுங்கோ" என்று வண்டியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். திரும்ப ஏறி வந்தாள். பேசிக்கொண்டே ஏறி வந்தாள்!

அவளைப் பிடிக்கவே இல்லை எனக்கு இன்று.

அக்டோபர் 2

விமான நிலையம். வண்டி பெட்டிக்குள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரசப்பொடி ரெண்டாவது தட்டுல இருக்கு, பட்டினி கிடக்கமாட்டேள்" என்றேன். "அதுக்கில்லைடி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கும்தான்" என்றார்.

அக்டோபர் 4, ராத்தா

ராத்தா என்பது இந்தக் கிராமத்தின் பெயர். ஒரே ஒரு பெரிய தெரு. கருங்கல் மாதிரி இல்லை, தேன் நிறத்துக் கல், வீடு, மதில், படி எல்லாம் அதிலேயே. சரிவு முழுக்க வகிடெடுத்துச் சீவின தலை மாதிரி திராட்சை வரிசை. பறிப்பு முடிகிற சமயம், காற்றிலேயே புளிப்பு வாடை. பெஞ்சில் நாலு கிழவர்கள் உட்கார்ந்து தெருவில் போகிற எல்லோரையும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மாட வீதியில் கொண்டுவந்து உட்கார வைத்தால் வித்தியாசமே தெரியாது.

மஹதி இளைத்திருக்கிறாள். கட்டிக்கொண்டு விடவே இல்லை, இரண்டு பேரும். அவளும் ஒரு வண்டி எடுத்திருக்கிறாள், அதன் கம்பி என்னுடையதை விட ரொம்பத் தடிமன். ஜெர்மன்காரர்கள் எதையும் கனமாகத்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

நாளை வோல்பாயா என்ற கிராமத்துக்கு ஏற்றம். பெருமாளே.

அக்டோபர் 5

பேனா ஓடமாட்டேன் என்கிறது. சிரிப்பிலா வலியிலா என்று தெரியவில்லை.

காலையில் எட்டுப் பேர் கிளம்பினோம். வெள்ளைச் சரளை, மாவு மாதிரி புழுதி, ஒரு பக்கம் திராட்சை, ஒரு பக்கம் ஆலிவ் மரம். முதல் திருப்பத்திலேயே மற்ற ஆறு பேரும் மறைந்துவிட்டார்கள். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மஹதி மட்டும் என் பக்கத்திலேயே, ஆபீஸ் கதை, பக்கத்து வீட்டு நாய் கதை, எதுவும் விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறாள். ஒரு சொட்டு வியர்வை இல்லை. மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணா இவள்? நான் "ம்" கொட்டக்கூடக் காற்று இல்லாமல் வந்தேன். கடைசியில் இறங்கித் தள்ளினேன். "கால் மரத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல." அவள் இறங்கவே இல்லை. என் நடைக்குத் தகுந்த வேகத்தில், வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வோல்பாயா, மலை உச்சியில் ஒரு கைப்பிடி ஊர். பழைய கோட்டைச் சுவருக்குள்ளேயே வீடும் சர்ச்சும் ஒயின் பீப்பாய்களும். கைடு பாவ்லோ எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, மஹதியின் வண்டிக் கம்பியைத் தட்டி, பாட்டரிக்கு சார்ஜ் போட வேண்டுமா என்று கேட்டான்.

பாட்டரி!

மஹதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"மோட்டார் வண்டியாடி?"

"திட்டாதேம்மா. வேகக் குழுன்னு உன்கிட்ட சும்மா பெருமைக்குச் சொன்னேன். நான் சைக்கிளைத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு. நிதானக் குழுவுக்கு மாத்திண்டு உன்கூட மெதுவா வரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ கார்த்தாலயும் சாயங்காலமும் வெளுத்துக் கட்ட ஆரம்பிச்சுட்டே. பாத்துப் பயந்துட்டேன்மா. நீ பாட்டுக்கு முன்னால போயிடுவே, நான் தனியா வரணுமேன்னு... மோட்டார் வெச்சது எடுத்தேன்."

"அது நான் இல்லைடி."

"எது?"

"சாயங்காலம். அது உங்க அத்தை."

மஹதி சர்ச்சுப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், பாவ்லோ தண்ணீர் கொண்டுவர ஓடினான். நானும் உட்கார்ந்தேன். பையிலிருந்த புளியோதரையைப் பிரித்தோம். இரண்டு பேரும் ஒருத்தர்கூட ஒருத்தர் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பொய்யும் சொல்லியிருக்கிறோம். இதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது, அதனால் நினைக்காமல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 6

நிதானக் குழுவுக்கு மாறிவிட்டோம். எங்களைத் தவிர ஒரு டச்சுத் தம்பதி, இரண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல். அவர்களும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

கடைசி ஏற்றத்தில் நான் இறங்கப் போனபோது, "இறங்காதே, மிதி" என்று மஹதி மோட்டாரைக் கூட்டி, ஒரு கையை என் முதுகில் வைத்துத் தள்ளினாள். சரளை சரசரவென்று பின்னால் ஓடியது. ஊர் முனைவரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. புழுதி என்று சொன்னேன். நம்பினமாதிரி இருந்தாள்.

அக்டோபர் 7

இவர் இதைப் படிக்க நேர்ந்தால்: அது திராட்சைச் சாறு. ஒரே ஒரு வாய். இன்னொரு வாய் மஹதி வற்புறுத்தினாள்.

அக்டோபர் 8

ஜெயா போன். மஹதியே எடுத்தாள். "அத்தை, எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "அத்தை, சூப்பர் அத்தை. அந்தப் பாராட்டெல்லாம் உனக்குத்தான்." அதற்கு ஜெயா, "மன்னி சரியா சாப்பிடறாளா?" என்று கேட்டாள்.

அக்டோபர் 25, மயிலாப்பூர்

ஜெயா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். "உங்காத்துக்காரரைக் கேட்டியா?" என்றேன். "சொன்னேன் மன்னி. கேக்கலை" என்றாள்.

வண்டி அவளிடமேதான் இருக்கிறது. நான் வேறொன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு நாள் குறிக்கும் பொறுப்பை இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வருஷத்துப் பயணத்துக்கு மஹதி இடம் போட்டு அனுப்பியிருக்கிறாள், அதே மலை, வேறு கிராமங்கள். நிதானக் குழுவில் நானும் அவளும். வேகக் குழுவில் இதுவரை ஒரே பெயர்: ஜெயலக்ஷ்மி வெங்கடரமணன், அடையாறு.